எதிரி என்றால் யார்? எதிர்ப்புச் சொற்களின் வேரைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. அது கைகலப்பாகி வழக்கும் ஆயிற்று. வந்த சம்மனில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "2-ஆம் எதிரி" என்று போட்டிருந்தது. வழக்கைவிட அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது. "வரப்பை வெட்டினவன் அவன், எதிரி நானாடா? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?" என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் புலம்பினார். கோர்ட்டில் எதிரி என்றால் பகைவன் இல்லை பெரியப்பா, குற்றம் சாட்டப்பட்டு எதிரே நிற்கிறவர் என்று மட்டும்தான் அர்த்தம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏற்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. எதிர்ப்பு, மறுப்பு, மறியல், முரண், கண்டனம், ஹர்த்தால் என்று எதிர்த்து நிற்பதைச் சொல்லும் சொற்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த வரையில் எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தச் சொற்களில் பெரும்பாலானவை வெறுப்பைச் சொல்லவே இல்லை. உடம்பு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, யாரோடு சேராமல் இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. கோபம் எல்லாம் பிற்பாடு ஏறிய சாயம்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், தமிழாசிரியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நோட்டு, ஒரு செல்போன், கொஞ்சம் பொறுமை போதும். படிப்படியாகச் சொல்கிறேன். ஆனால் எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்காது.

படி 1: சொல்லின் உடன்பிறப்புகளைக் கூப்பிடுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. சொல்லை எடுத்துக்கொண்டு, அதே வேரில் உங்களுக்குத் தெரிந்த மற்ற சொற்களையெல்லாம் எழுதுங்கள். "எதிர்" எடுத்துக்கொள்வோம். எதிர்வீடு, எதிரொலி, எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிர்கொள்ளுதல், எதிர்மறை, எதிர்க்கட்சி, எதிரும் புதிரும். இவற்றில் எத்தனையில் சண்டை இருக்கிறது? எதிர்வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். எதிரொலி உங்களை எதிர்ப்பதில்லை, நீங்கள் கத்தியதையே திருப்பித் தருகிறது. எதிர்பார்ப்பு என்பது ஆசையோடு வாசலைப் பார்த்து நிற்பது. எதிர்காலம் என்பது நம் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும் காலம்.

ஆக "எதிர்" என்றால் முகத்துக்கு முன்னால் என்பதுதான் அடிப்படை. முன்னால் வருகிறவர் விருந்தாளியாகவும் இருக்கலாம், அரிவாளோடு வருகிறவராகவும் இருக்கலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோம் இல்லையா, அதே எதிர்தான். மயிலாடுதுறைப் பக்கம் திருமணஞ்சேரிக்கு அருகே திருஎதிர்கொள்பாடி என்று ஒரு தலம் இருக்கிறது, சுந்தரர் பாடியது. மணமகனாக வந்த சிவபெருமானை எதிர்கொண்டு வரவேற்ற இடம் என்பது தலபுராணம். ஓர் ஊரே வரவேற்பின் பெயரால் நிற்கிறது, அந்தப் பெயரில் "திரு"வுக்கு அடுத்த சொல் "எதிர்"!

இந்தப் படியைப் பலர் தவறவிடுகிறார்கள். நேராக அகராதிக்குப் போய் "எதிர்ப்பு = பகைமை" என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

படி 2: பழைய பாட்டில் அந்தச் சொல் என்ன வேலை பார்த்தது என்று பாருங்கள்

இப்போது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு 1939-இல் ஒரு பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பொருளுக்குப் பக்கத்திலேயே எந்த நூலில் அது வருகிறது என்று போட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலப் பாட்டுக்குப் போங்கள்.

"எதிர்" என்று தேடிப் போனால் திருக்குறள் 429-க்கு வந்து சேரலாம்: "எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்." இங்கே "எதிரது" என்றால் வரப்போவது. பகை என்ற பேச்சே இல்லை. தொல்காப்பியம் முக்காலத்தைச் சொல்லும்போதும் "இறப்பின் நிகழ்வின் எதிர்வின்" என்றுதான் சொல்கிறது, அதாவது போனது, நடப்பது, எதிரே வருவது. சரி, சண்டை வாடையுள்ள இடம் ஏதாவது உண்டா என்றால் உண்டு. குறள் 858, "இகலிற்கு எதிர்சாய்தல் ஆக்கம்". பகை எதிரே வந்தால் அதன் முன் மல்லுக்கு நிற்காமல் சாய்ந்து விலகிக்கொள், அதுதான் உனக்கு நல்லது என்கிறார். எதிர், சாய்தல் இரண்டுமே உடம்பின் அசைவுகள் என்பதைக் கவனியுங்கள். (வரப்புத் தகராறுக்கு முன்னாலேயே பெரியப்பாவிடம் இந்தக் குறளைச் சொல்லியிருக்கலாம்.)

உரையாசிரியர்களையும் கூடவே பாருங்கள். பரிமேலழகர் எப்போதும் சரி என்று சொல்லவரவில்லை. ஆனால் 700 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அதில் தெரியும். அதுவே ஒரு சாட்சிதான்.

படி 3: பக்கத்து வீட்டு மொழிகளைத் தட்டுங்கள்

தெலுங்கில் "எதுரு", கன்னடத்தில் "எதுரு", மலையாளத்தில் "எதிர்". எல்லாவற்றிலும் முன்னால், நேரே என்ற பொருள்தான் அடியில் கிடக்கிறது. தெலுங்கில் ஒருவருக்காக வழிபார்த்துக் காத்திருப்பதை "எதுரு சூடு" என்கிறார்கள், நம் எதிர்பார்த்தலின் அச்சு அசல். நான்கு மொழியிலும் ஒரு பொருள் பொதுவாக இருந்தால் அது பழைய பொருள் என்று நம்பலாம். ஒரு மொழியில் மட்டும் இருந்தால் அங்கே பிற்காலத்தில் முளைத்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கென்றே பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. அதுவும் இணையத்தில் கிடைக்கிறது.

இந்தப் படியில் ஒரு கண்ணி உண்டு. ஒரே ஒலியுள்ள சொல் பக்கத்து மொழியில் வேறு பொருளில் உலவும். "சத்தியாக்கிரகம்" என்பதில் உள்ள ஆக்ரகம் என்றால் விடாப்பிடி. அதே ஆக்ரகம் தெலுங்கில் கோபம்! தெலுங்கு தெரிந்த ஒருவர் அந்தக் கணக்கில் பிரித்தால் காந்தியின் போராட்டம் "சத்தியக் கோபம்" ஆகிவிடும்.

படி 4: முகம் மட்டும் ஒத்துப்போகிற சொற்களை விலக்குங்கள்

இதுதான் ஆளைக் கவிழ்க்கிற இடம், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

"போர்" எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் ஒரு போர். வைக்கோல்போர் இன்னொன்று. வயலில் கதிரடிப்பதைப் போரடித்தல் என்பார்கள். சினிமா பார்த்து போரடிக்கிறது என்றால் அது ஆங்கிலம். தோட்டத்தில் போர் போட்டிருக்கிறோம் என்றால் அதுவும் ஆங்கிலம்தான், ஆனால் ஆழ்துளைக் கிணறு. ஒரே எழுத்தில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள். சண்டைப் போருக்கு வேர் "பொரு". அதிலிருந்து போர், போராடு, போராட்டம். இந்தப் பொருதல் என்பது சண்டை போடுவதை மட்டும் சொல்லவில்லை, அலை கரையில் மோதுவதையும் சொல்கிறது, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதையும் சொல்கிறது. பொருவு என்றால் ஒப்பு. பொருநன் என்றால் வீரன், வேடம்கட்டி ஆடுகிற கலைஞனும் பொருநன்தான். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர் மோதவும் செய்யலாம், ஒருவர் மாதிரி மற்றவர் இருக்கவும் செய்யலாம் என்று இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

"நேர்" என்பதும் இதே குணம்தான். நேர் என்றால் சமம், நேர் என்றால் எதிரே. "உனக்கு நேர் யாரும் இல்லை" என்று புகழவும் செய்கிறோம், "நேருக்கு நேர் வாடா" என்று சவால் விடவும் செய்கிறோம். பழைய இலக்கியத்தில் நேரார் என்றால் பகைவர்.

அடுத்தது "மறு". முகத்தில் இருக்கிற மறு, அதாவது மச்சம் அல்லது கறை, தனிச்சொல். அதைத் தள்ளிவையுங்கள். மறுநாள், மறுபக்கம், மறுமணம், மறுமொழி, மறுபடியும் என்பதில் உள்ள மறு என்றால் அடுத்தது, இன்னொன்று. அப்புறம் மறுத்தல். என்னைக் கேட்டால் இவை இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். நீங்கள் ஒரு பக்கம் சொல்கிறீர்கள், நான் அதற்கு மறுபக்கம் ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் மறுப்பு. நல்ல மறுப்புரை எழுதுகிறவர் வெறுமனே "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, இன்னொரு விளக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்.

"மறி" என்றால் ஆட்டுக்குட்டி, மான்குட்டி. இதுவும் தனிச்சொல், தள்ளிவையுங்கள். வினைச்சொல்லான மறி என்பது திரும்புதல், மடங்குதல். மறிதிரை என்றால் மடங்கி விழும் அலை. "மறிந்து" என்றால் தானே மடங்குவது, "மறித்து" என்றால் இன்னொருவரைப் போகவிடாமல் திருப்புவது. இப்படி வினையைத் தன்வினை, பிறவினை என்று இரண்டாக முடுக்கிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். வழிமறித்தல் இங்கிருந்து வந்தது, சாலை மறியலும் இங்கிருந்துதான்.

"மாறு" என்பதிலும் ஒரு போலி இருக்கிறது: விளக்குமாறு. அந்த மாறு துடைப்பக்குச்சி, அதற்கும் எதிர்ப்புக்கும் சம்பந்தமில்லை, கையில் எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சம்பந்தம் வரலாம். நமக்கு வேண்டிய மாறு குறள் 861-இல் இருக்கிறது: "வலியார்க்கு மாறேற்றல் ஓம்புக". உன்னைவிடப் பலசாலியிடம் மாறு ஏற்காதே, அதாவது எதிர்த்து நிற்காதே. மாற்றான் என்றால் பகைவன், ஆனால் சொல்லின்படி அவன் வேறு ஆள், அவ்வளவுதான். மாற்றாந்தாய் என்பதிலும் அதே "வேறு".

படி 5: "இல்லை"யைத் தேடுங்கள்

சங்கப் பாடல்களிலும் நிகண்டுகளிலும் பகைவருக்கு எத்தனை பெயர் என்று ஒரு முறை பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒன்னார், கூடார், நண்ணார், நள்ளார், ஒட்டார். என்ன தெரிகிறது? எல்லாமே எதிர்மறை. ஒன்றாதவர், கூடாதவர், நெருங்காதவர், நட்புக்கொள்ளாதவர், ஒட்டாதவர். "கொடியவன்" என்றோ "தீயவன்" என்றோ இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. சேரவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இன்று சேராதவர் நாளைக்குச் சேரலாம். எனக்கு இது தமிழின் பெரிய நாகரிகமாகப் படுகிறது. அதே வள்ளுவர் 828-இல் "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" என்று ஒன்னாரைப் பற்றி எச்சரிக்கிறார் என்பதும் உண்மைதான், கும்பிடுகிற கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்குமாம்.

"பகை"யையும் இங்கேயே வைக்கலாம், பகுத்தல் என்பதோடு சேர்த்து. குறள் 851-இல் இகலைப் "பகல் என்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்" என்கிறார். இந்தப் பகல் இரவுக்கு எதிரான பகல் இல்லை, பகுதல், பிரிதல். மனிதர்களைப் பிரிக்கிற குணக்கேட்டைப் பரப்புகிற வியாதியாம்.

இப்போது வீட்டுப் பேச்சுக்கு வாருங்கள். கூடார் என்பதில் உள்ள அதே "கூடு"தான் "கூடாது" என்பதிலும் இருக்கிறது. அம்மா "வெயிலில் போகக் கூடாது" என்றால் சொல்லளவில் அது "பொருந்தி வராது" என்பதுதான், தடை உத்தரவு தொனியில்தான் இருக்கிறது. "முடியாது" என்பது என்னால் முடிவுக்குக் கொண்டுவர இயலாது என்பது. "மாட்டேன்" இன்னும் வேடிக்கை. மாட்டுதல் என்றால் பழைய தமிழில் இயலுதல். "எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தார்" என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, தெம்புதான் இல்லை. ஆக "வரமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, சொல்லின் வேரை வைத்துப் பார்த்தால், "எனக்கு வர இயலாது" என்று பணிவாகத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது! தமிழில் பிடிவாதம் எப்போதும் இயலாமையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது.

1920-இல் காந்தியின் இயக்கத்துக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களும் இதே அச்சில்தான் வார்த்தார்கள்: ஒத்துழையாமை. ஒத்து உழைக்க மாட்டோம். ஒன்னார், கூடார் என்று சொன்ன அதே வாய். "ஒவ்வாமை" என்று இன்று தோல் டாக்டர் எழுதுகிறாரே, அதுவும் இந்த ஜாதிதான், உடம்பு ஒரு பொருளோடு ஒத்துப்போக மறுப்பது.

"முரண்" இந்த வரிசையில் வராது, ஆனாலும் விட மனமில்லை. பிள்ளை முரண்டு பிடிக்கிறது என்கிறோம், முரட்டுத்துணி என்கிறோம், வழுவழுப்பில்லாத ஒன்று அதில் இருக்கிறது. யாப்பில் முரண்தொடை என்று ஓர் அழகே உண்டு. "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்கிறது தொல்காப்பியம். குறள் 630 "இன்னாமை இன்பம்" என்று தொடங்குகிறது பாருங்கள், நேரெதிரான இரண்டு சொல் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கின்றன. எதிர்ப்பைச் செய்யுள் அழகாகவே கணக்கில் வைத்த மொழி இது.

படி 6: வந்த சொல் என்றால் வந்த வீட்டுக்குப் போங்கள்

வடமொழிச் சொல் என்றால் முன்னொட்டைக் கழற்றுங்கள், பாதி வேலை முடிந்தது. "பிரதி" என்றால் எதிரே, நோக்கி. பிரதிவாதி எதிர்வாதம் செய்கிறவர். பிரதிபலிப்பு எதிரே தெரிவது. ஒரு கடிதத்துக்குப் பிரதி எடுக்கிறோம், அது அசலுக்கு எதிரே வைத்தால் ஒத்திருப்பது. நம்முடைய நேர், பொரு இரண்டும் போன அதே பாதையில் வேறொரு மொழிக்குடும்பமும் போயிருக்கிறது. "வி" என்பதைக் கழற்றினால் விரோதத்தில் மிஞ்சுவது தடுத்தல், மறித்தல் என்ற வேர். (60 ஆண்டு வட்டத்தில் விரோதி என்றே ஒரு வருஷம் உண்டு, 2009 ஏப்ரலில் பிறந்தது. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளை விரோதியாகப் பார்க்காதீர்கள்.) ஆட்சேபணையில் இருப்பது எறிதல் என்ற வேர், ஒரு பேச்சின்மேல் இன்னொன்றை வீசுவது.

"கண்டனம்" ரொம்ப ருசியான கதை. கண்டம் என்றால் துண்டு. கண்டித்தல் என்றால் துண்டாக்குதல். வாழைக்காயைக் கண்டம் கண்டமாக நறுக்குகிறோம், கற்கண்டு என்பதில் உள்ள கண்டும் அந்தத் துண்டுச் சர்க்கரைதான், ஆங்கிலேயர் கேண்டி என்பதும் அரபு, பாரசீகம் வழியாகச் சுற்றிப் போன அதே சொல். ஒருவர் வாதத்தைத் துண்டு துண்டாக உடைப்பது கண்டனம். ஆனால் "கண்டிப்பாக வருகிறேன்" என்றும் சொல்கிறோம். அங்கே என்ன உடைகிறது? வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்களே, அந்த மாதிரி சந்தேகத்தை வெட்டிவிட்டுச் சொல்கிற உறுதி. கட்சித் தலைவர்கள் "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று அறிக்கை விடும்போது எனக்குக் கற்கண்டு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

பகிஷ்காரம் என்பதில் "பகிஸ்" என்றால் வெளியே. வெளியே தள்ளுதல். அதற்கு நாம் சொல்லும் புறக்கணிப்பு என்பதும் புறம் + கணித்தல், புறத்தே உள்ளதாகக் கருதுதல். இரண்டும் ஒரே படம். ஆங்கிலத்தில் இதற்குரிய பாய்காட் மட்டும் ஓர் ஆளின் பெயர். 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் கேப்டன் சார்லஸ் பாய்காட் என்று ஒரு நிலப் பண்ணை ஏஜென்ட் இருந்தார். குத்தகைக்காரர்கள் குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள், தகராறு முற்றியதும் ஊரே அவரைத் தள்ளிவைத்தது. வேலைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஆள் வரவழைத்து, சிப்பாய்களைக் காவல் வைத்து அறுவடை செய்ய வேண்டியதாயிற்று. அந்த வருஷமே அவர் பெயர் வினைச்சொல் ஆகிவிட்டது.

வடக்கு மொழிகள் வழி வந்தவற்றில் "பந்த்" சப்பென்ற சொல், மூடல் என்று அர்த்தம், விட்டுவிடலாம். "ஹர்த்தால்" அப்படி இல்லை. ஹட்ட என்றால் கடை, தாலா என்றால் பூட்டு. நம் கடையடைப்பு அதன் இரட்டைப் பிறவி. "தர்ணா"வில் இருப்பது பிடித்துவைத்தல் என்ற வேர். அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர் வாங்கியவரின் வாசலில் போய்ச் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தவர் செத்தால் பாவம் வீட்டுக்காரரைச் சேரும் என்ற பயம்தான் ஆயுதம். இந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலேயர்கள் எவ்வளவு மிரண்டிருந்தார்கள் என்றால், 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 508-ஆம் பிரிவில் தெய்வக் குற்றம் வரும் என்று மிரட்டுவதற்கு உதாரணமாகவே தர்ணா உட்காருவதைப் போட்டிருந்தார்கள்.

படி 7: எந்த வருஷம், யார் வாயில்?

பழைய வேர் கிடைத்தாலும், இன்றைய பொருள் எப்போது ஒட்டியது என்று தெரியாமல் சொல்லின் கதை முடியாது. மறி என்ற வினை பழையது, ஆனால் போராட்ட வடிவமாக மறியல் நம் காதில் விழுந்தது கள்ளுக்கடை மறியலில். 1921-இல் ஈரோட்டில் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். 1938-இல் இந்தி எதிர்ப்பு நடந்தபோது "எதிர்ப்பு" என்ற சொல்லே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

சத்தியாக்கிரகத்துக்குப் பிறந்த தேதியே ஓரளவு தெரியும். தென்னாப்பிரிக்காவில் தாங்கள் நடத்திய போராட்டத்தை ஆங்கிலத்தில் செயலற்ற எதிர்ப்பு என்ற பொருளில் சொல்வது காந்திக்குப் பிடிக்கவில்லை. இந்தியன் ஒப்பீனியன் இதழில் நல்ல பெயர் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உறவினர் மகன்லால் காந்தி "சதாக்கிரகம்" என்று எழுதி அனுப்ப, காந்தி அதைத் திருத்திச் சத்தியாக்கிரகம் ஆக்கினார். 1908 வாக்கில் பெயர் நிலைத்தது. அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்களில் தமிழர்கள் ஏராளம், சிறைக்குப் போய் உடல் நலிந்து 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை உட்பட.

"புரட்சி" புரட்டுதல் என்பதிலிருந்து வந்தது. புத்தகப் பக்கத்தைப் புரட்டலாம், வயிற்றைப் புரட்டலாம், பொய்யும் புரட்டும் பேசலாம். எப்படிப் பார்த்தாலும் கீழே இருந்தது மேலே வருகிறது. 1917 ருஷ்யாவைப் பாடும்போது பாரதி "யுகப்புரட்சி" என்றார். எழுச்சி, கிளர்ச்சி இரண்டும் எழுதல், கிளர்தல். விடியற்காலையில் பெருமாளை எழுப்புகிற திருப்பள்ளியெழுச்சியிலும் அதே எழுச்சிதான்.

படி 8: ஊர் மாற்றிப் பாருங்கள்

சென்னையில் மறியல் என்றால் சாலையில் உட்கார்ந்து பஸ்ஸை நிறுத்துவது. யாழ்ப்பாணத்தில் "அவனை மறியலில போட்டிட்டாங்கள்" என்றால் ஆளை உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். இலங்கைச் செய்திகளில் தினமும் வரும் விளக்கமறியல், விசாரணை முடியும்வரை அடைத்துவைப்பது. ஒரே வேர்தான், போகவிடாமல் தடுத்தல். இங்கே ஜனங்கள் அரசாங்கத்தை மறிக்கிறார்கள், அங்கே அரசாங்கம் ஜனங்களை மறிக்கிறது.

இங்கே வேலைநிறுத்தம், அங்கே பணிப்பகிஷ்கரிப்பு. இங்கே முழு அடைப்பு, அங்கே இன்றைக்கும் ஹர்த்தால். அதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் கொழும்பு அரசு மானியத்தை வெட்டி ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியபோது, ஆகஸ்ட் 12-ஆம் தேதி நாடே ஸ்தம்பித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். அதன் பெயர் ஹர்த்தால் என்றே வரலாற்றில் பதிந்துவிட்டது. மலாயாவிலும் 1947 அக்டோபர் 20-இல் ஒரு ஹர்த்தால் நடந்தது. குஜராத்திக் கடைத்தெருச் சொல் ஒன்று கடல்தாண்டி இரண்டு நாடுகளில் குடியேறியிருக்கிறது.

படி 9: ஒரு சொல்லை முழுசாக ஓட்டிப் பாருங்கள்

"முற்றுகை" எடுத்துக்கொள்வோம். உடன்பிறப்புகள்: முற்றிய தேங்காய், முற்றுப்புள்ளி, முற்றிலும். முழுமையாதல், சுற்றிவருதல் இரண்டும் அதில் கலந்திருக்கின்றன, ஒரு வட்டம் சுற்றி முடிந்தால் அது முழுமைதானே. பழைய பாட்டு: தொல்காப்பியத்தில் உழிஞைத் திணை, "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்". கோட்டையைச் சூழ்வதும் கைப்பற்றுவதும். போலிகள்: நோய் முற்றுவது, வாக்குவாதம் முற்றுவது, ஆனால் இவை போலி இல்லை, நிறைந்து வருதல் என்ற அதே பொருள். வந்த வீடு: தமிழ்தான், போக வேண்டியதில்லை. காலம்: மன்னர்களும் கோட்டைகளும் போனபிறகு கலெக்டர் ஆபீஸ் அந்த இடத்துக்கு வந்தது. பக்கத்து வீடு: 1960-களின் இறுதியில் வங்காளத்தில் தொழிலாளர்கள் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டதற்கு இந்தியில் கெரோ, அதாவது வளைத்தல்.

இதைத் தேடும்போது கிடைத்த உபரி ஒன்று. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடன் வாங்கியவர் இழுத்தடித்தால், கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவாராம். கடனைத் தீர்க்காமலோ ஈடு சொல்லாமலோ அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. குதிரைமேல் வந்த ராஜாவையே ஒரு வியாபாரி அப்படி வட்டம் போட்டு நிறுத்தியதையும், பணம் வந்து சேரும்வரை ராஜா அங்கேயே நின்றதையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். ஆயுதம் இல்லாத முற்றுகை, ஒரே ஓர் ஆள் போட்டது.

இந்தக் கதையைப் பெரியப்பாவிடமும் சொன்னேன், அப்படியே எதிரி என்றால் எதிரே நிற்பவர்தான் என்று இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அடுத்த வாய்தா என்னைக்குன்னு வக்கீலைக் கேட்டியா?" என்றார். வாய்தா தமிழ் இல்லை பெரியப்பா, உருது, அதற்கு வாக்குறுதி என்று அர்த்தம் என்றேன். ஆறு வருஷமாக அலைகிற மனிதர் அதற்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.